ஆண் பூனை ட்ரேயில் முக்குது, யூரின் வரல. டாக்டர்கிட்ட போனா என்ன செய்வாங்க?

சாம்பல்வால் (இரவு 9.40)
4 வயசு ஆண் பூனை, குடும்பக் கட்டுப்பாடு பண்ணியது, 5 கிலோ. வீட்டுக்குள்ளேயே இருக்கும், சாப்பாடு முழுக்க ட்ரை ஃபுட். காலையிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ட்ரேயில போய் உட்கார்ந்து முக்குது, ஒண்ணும் வரல. அடியில நக்கிக்கிட்டே இருக்கு. சாயங்காலம் ஒரு தடவை வாந்தி. மலச்சிக்கல்னு நெனச்சு விளக்கெண்ணெய் கொஞ்சம் குடுத்தோம். கல்லா இருந்தா வாழைத்தண்டுச் சாறு குடுக்கலாமான்னு அம்மா கேக்கறாங்க. தடுப்பூசி தவிர டாக்டர்கிட்ட போனதே இல்ல. நாளைக்குக் காலையில 10 மணிக்குப் போனா போதுமா? அங்க என்ன பண்ணுவாங்க?

கூரைமேல்
காலை வரைக்கும் வைக்காதீங்க, இப்பவே கிளம்புங்க. நீங்க சொல்றது மலச்சிக்கல் மாதிரி இல்ல, யூரின் அடைப்பு மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் பூனை ஒரே மாதிரிதான் குந்தி முக்கும், அதனாலதான் நிறையப் பேர் ஏமாந்துபோறாங்க. ட்ரே மணல்ல இன்னிக்குப் புதுசா ஈரக்கட்டி விழுந்திருக்கான்னு மட்டும் பாருங்க. ஒண்ணுகூட இல்லன்னா, இல்ல சுண்டைக்காய் அளவுக்குத்தான் இருக்குன்னா, அது அவசரம்.

ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் நுனிக்கு வர வர ரொம்பக் குறுகலாயிடும். சளி மாதிரி ஒரு பொருளும் நுண்ணிய படிகங்களும் சேர்ந்து அங்க அடைச்சுக்கும். சில நேரம் கல்லே இருக்காது, வீக்கமும் இறுக்கமும் மட்டுமே வழியை மூடிடும். வெளியே போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்துல ஏறி இதயத் துடிப்பைக் குறைச்சிடும். முழுசா அடைச்சா 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ள உயிருக்கே ஆபத்து. வாந்தி ஆரம்பிச்சிருக்குன்னா நேரம் ஏற்கெனவே ஓடியிருக்கு.

வாழைத்தண்டுச் சாறு வேண்டவே வேண்டாம். வாசல் பூட்டியிருக்கிற மூத்திரப் பைக்குள்ள இன்னும் தண்ணி சேர்க்கிற வேலை அது. மனுஷங்களுக்கான மாத்திரை எதுவும் வேண்டாம், முக்கியமா பாராசிட்டமால். ஒரே மாத்திரை பூனையைக் கொன்னுடும். வயித்தை அமுக்கிப் பார்க்காதீங்க, நிரம்பின பை கிழிஞ்சிடலாம்.

மீசைக்காரன்
கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணி, "ஆண் பூனைக்கு யூரின் அடைச்சிருக்கு, கதீட்டர் போடுவீங்களா, ராத்திரி அட்மிட் பண்ணுவீங்களா?"ன்னு இப்படியே கேளுங்க. நாய்க்கு ஊசி போடுற சின்ன கிளினிக் எல்லாத்துலயும் பூனை கதீட்டர் (யூரினை வெளியே எடுக்க உள்ளே விடுற மெல்லிய குழாய்) இருக்காது. அங்க போய் வலி ஊசி மட்டும் போட்டுத் திரும்பினா ஒரு ராத்திரி வீணாப் போயிடும். கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா (சென்னைன்னா வேப்பேரி, அப்புறம் நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு) இந்த நேரத்துல யார் இருக்காங்கன்னு அங்கயும் கேட்டுக்குங்க.

கேரியர் இல்லன்னா மூடி போட்ட துணிக்கூடையில பழைய துண்டை விரிச்சு, மூடியைக் கட்டி, மேல ஒரு துண்டால மூடுங்க. பைக்ல மடியில வச்சுப் போகாதீங்க, ஹாரன் சத்தத்துக்குக் குதிச்சிடும், ஆட்டோவே நல்லது. கிளினிக்ல கூடையைத் தரையில வைக்காம பெஞ்ச் மேல வைங்க, அங்க நாய் இருக்கும். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால இனிமே சாப்பாடு வேண்டாம்.

கடைசியா எப்ப யூரின் போச்சு, எத்தனை தடவை வாந்தி, என்ன சாப்பாடு, விளக்கெண்ணெய் எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக்குங்க. எண்ணெய் குடுத்ததை மறைக்காதீங்க, அதுக்காக யாரும் திட்ட மாட்டாங்க. முக்குறதை வீடியோ எடுத்து வச்சா ரொம்ப உதவும்.

கூரைமேல்
அங்க நடக்கிறது ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல்ல வயித்தைத் தொட்டுப் பார்ப்பாங்க. எலுமிச்சம்பழம் மாதிரி, சில நேரம் அதைவிடப் பெருசா, கல்லாட்டம் மூத்திரப் பை கையில தட்டுப்படும். அடைப்புன்னு உறுதியானா கால் முடியைச் சிரைச்சு டிரிப்ஸ் ஊசி ஏத்துவாங்க. ரத்தத்துல பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் பார்ப்பாங்க. பொட்டாசியம் சாதாரணமா 5.5-க்குள்ள இருக்கணும். 7, 8-ன்னு போயிருந்தா முதல்ல இதயத்தைக் காப்பாத்த கால்சியம் குளுக்கோனேட், பிறகு குளுக்கோஸ், இன்சுலின்னு போகும். "யூரின் அடைப்புக்கு ஏன் சர்க்கரை வியாதி ஊசி?"ன்னு பயப்படாதீங்க, பொட்டாசியத்தைச் செல்லுக்குள்ள தள்ளறதுக்குத்தான் அது. சில டாக்டர்கள் அழுத்தம் குறையறதுக்கு வயிறு வழியா ஊசி விட்டுக் கொஞ்சம் யூரினை உறிஞ்சி எடுப்பாங்க.

அப்புறம் மயக்கம் குடுத்து, 3 அல்லது 3.5 ஃப்ரெஞ்ச் (குழாய் தடிமனோட அளவு) அளவுல மெல்லிய கதீட்டரை நுழைச்சு, சலைன் பீய்ச்சி அடைப்பைத் தள்ளுவாங்க. கதீட்டரைத் தையல் போட்டு நிறுத்தி, யூரின் சேர வெளியில ஒரு பிளாஸ்டிக் பையோட இணைச்சிடுவாங்க. பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு நாள் அங்கயே இருக்கணும். மயக்கத்துக்குச் சம்மதக் கையெழுத்து கேப்பாங்க, ரத்த ரிசல்ட் என்னன்னு கேட்டுட்டுப் போடுங்க. தங்கல், டெஸ்ட், கதீட்டர் எல்லாம் சேர்த்து உத்தேசச் செலவையும் அப்பவே கேக்கலாம், தப்பே இல்ல.

சாம்பல்வால் (மறுநாள் மதியம்)
ராத்திரியே அட்மிட் பண்ணிட்டோம். பொட்டாசியம் 7.2 இருந்துச்சு, காலையில 4.8. பையில யூரின் சிவப்பா இருக்கு, அதுவும் ரொம்ப நிறைய வருது. இது சரியா? வீட்டுக்கு வந்ததும் என்ன பார்க்கணும்?

மீசைக்காரன்
நல்ல வேளை, நேரத்துக்குப் போனீங்க. மூத்திரப் பையோட உள்சுவர் புண்ணாகியிருக்கும், அதனால சிவப்பு சில நாள் வரும். நாள் போகப் போக வெளுக்கணும். அளவு கூடறதும் எதிர்பார்த்ததுதான். அடைப்பு விட்டதும் சிறுநீரகம் நிறையத் தள்ளும், போறதுக்குச் சமமா டிரிப்ஸ் ஏத்துவாங்க. நல்லா சாப்பிடுதேன்னு டிரிப்ஸை நிறுத்தச் சொல்லி அவசரப்படுத்தாதீங்க.

கதீட்டரை எடுத்த பிறகு அதுவா ஒரு தடவையாவது நல்லா யூரின் போனதைப் பார்த்துட்டு டிஸ்சார்ஜ் வாங்குங்க. திரும்ப அடைக்கிறது முதல் வாரத்துலதான் அதிகம். நக்காம இருக்கப் போடுற கழுத்துக் கூம்பைக் கழட்டாதீங்க. மூத்திரக் குழாயைத் தளர்த்த பிரசோசின்ங்கிற மருந்து குடுத்தா அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். பூனை துவண்டு போனா உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. ட்ரே மணலைத் தினமும் ரெண்டு வேளை அள்ளி, கட்டிகளை எண்ணுங்க. ஒரு நாளைக்கு 2, 3 நல்ல கட்டி விழணும்.

ட்ரை ஃபுட்டை ஒரேயடியா நிறுத்தாம, ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா வெட் ஃபுட்டுக்கு மாத்துங்க, அதுல முக்கால் பங்கு தண்ணி. 5 கிலோ பூனைக்குச் சாப்பாட்டுல இருக்கிறதையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 250 மில்லி தண்ணி போகணும். வாய் அகலமான கிண்ணத்துல, ட்ரேயை விட்டுத் தள்ளி, ரெண்டு மூணு இடத்துல வைங்க. படிகம் என்ன வகைன்னு யூரின் ரிப்போர்ட்ல பார்த்துச் சொல்லுங்க. ஸ்ட்ரூவைட்னா அதைக் கரைக்கிற தனி உணவு இருக்கு, ஆக்ஸலேட்னா அது கரையாது.