ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) டிரிப்: பம்ப் இல்லாத வார்டில் சொட்டுக் கணக்கு எப்படி?

மன்னார்குடி நைட் டியூட்டி:
சம்பா நடவு நேரம், பாம்புக்கடி கேஸ் வந்துகொண்டே இருக்கும். டாக்டர் ஆர்டர்: ஏ.எஸ்.வி. 10 குப்பி, நார்மல் சலைனில், 1 மணி நேரத்தில். டிரிப் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லை. முழு 500 மில்லி பாட்டிலில் கலந்தால் சொட்டை எண்ணவே முடியலை. 15 கிலோ குழந்தை என்றால் குப்பியைக் குறைக்கணுமா? அக்காமார் யாராவது சொல்லுங்க.

திருவாரூர் எமர்ஜென்சி:
எண்ண முடியாதுதான் சிஸ்டர். பவுடர் குப்பி ஒவ்வொன்றிலும் 10 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 10 குப்பிக்கு 100 மில்லி. பாட்டிலோடு சேர்த்து 600. டிரிப் செட் கவரில் 1 மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருந்தால், 600 × 20 ÷ 60 = நிமிடத்துக்கு 200 சொட்டு!

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சலைனை 200 மில்லியாக்குங்க. மொத்தம் 300, நிமிடத்துக்கு 100 சொட்டு. 15 விநாடிக்கு 25 என்று எண்ணிப் பாருங்க. பலரும் தவறுவது இங்கேதான்: கரைத்த 100 மில்லியை விட்டுவிட்டு 200க்குக் கணக்குப் போட்டால் 67 சொட்டு வரும்; மருந்து இறங்க ஒன்றரை மணி நேரமாகும்.

குப்பியைக் குலுக்காதீங்க, நுரைத்துவிடும். உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றுங்க.

கும்பகோணம் குழந்தைகள் வார்டு:
குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிக்காதே! குறைவது திரவம் மட்டும்: கிலோவுக்கு 10 மில்லி என்றால் 15 கிலோவுக்கு 150. மருந்து 100, சலைன் 50. சாதா செட்டில் 50 சொட்டு. மைக்ரோ செட் (1 மில்லிக்கு 60 சொட்டு) வேண்டாம், அதில் 150 சொட்டு எண்ணணும்.

ஏ.எஸ்.வி.க்கு ஒவ்வாமை வந்தால் போட, டிரிப் தொடங்கும் முன்பே அட்ரினலின் தயாராக இருக்கணும். 1:1000 ஆம்பூல், கிலோவுக்கு 0.01 மில்லி, தசையில். இந்தக் குழந்தைக்கு 0.15 மில்லி. 1 மில்லி சிரிஞ்சில் எடுங்க. 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் (1 மில்லிக்கு 40 கோடு) 15வது கோடு வரை இழுத்தால் 0.375 மில்லி ஏறிவிடும், இரண்டரை மடங்கு. பெரியவர்களுக்கு 0.5 மில்லி. அரிப்பு, தடிப்பு, வீசிங் எது வந்தாலும் முதலில் டிரிப்பை நிறுத்துங்க.

திருவாரூர் எமர்ஜென்சி:
இன்னொன்று. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது; அதனால் விரியன் கடி என்றால் 6 மணி நேரம் கழித்து 20 நிமிட ரத்தம் உறைதல் டெஸ்ட் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 2 மில்லி ரத்தம், புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக்கிலும் சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். அதை நம்பி இன்னொரு டோஸ் ஏற்றிவிடுவார்கள். 20 நிமிடம் ஆகும்வரை குழாயை ஆட்டிப் பார்க்கவும் கூடாது.