மேஜர் சரவணன் பற்றி மகளுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

உறையூர்க்காரன்:
ஏழாவது படிக்கும் மகளுக்கு ஆகஸ்ட் 15 பேச்சுப் போட்டி. திருச்சி கண்டோன்மென்டில் நினைவுத்தூண் இருக்கிறதே, அந்த மேஜர் சரவணனைப் பற்றித்தான் பேசுவேன் என்கிறாள். பள்ளி வேன் தினமும் அந்த வழியாகப் போகிறது. எனக்குத் தெரிந்தது கார்கில், வீர் சக்ரா, அவ்வளவுதான். ‘இன்னுயிர் ஈந்த மாவீரர்’ என்று மூன்று நிமிடத்தை நிரப்பிவிடலாம். ஆனால் அவள், “அவர் என்னப்பா செஞ்சார்?” என்று விடாமல் கேட்கிறாள்.

சிக்னல்ஸ் ஹவில்தார் (ஓய்வு):
தம்பி, போர் முடிந்து சில வருஷம் கழித்து எனக்குக் கார்கில் பகுதியில், அவர் போரிட்ட படாலிக் பக்கம் போஸ்டிங். அதனால் மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். புல் கிடையாது, மரம் கிடையாது. லாரியில் கொட்டிய ஜல்லிக் குவியல்மேல் ஏறுவது போல இருக்கும். மூன்று அடி வைத்தால் ஒரு அடி சறுக்கும். அந்த உயரத்தில் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், யாரும் சுடாதபோது ஏறியதற்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

1999 மே 29 விடியற்காலை, 1 பிகார் பட்டாலியன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மேஜர் சரவணன் அங்கே ஜுபார் மலையில் ஏறினார். 14,000 அடிக்கு மேல், எதிரி உச்சியில் பதுங்குகுழிக்குள். போர் தொடங்கிய சமயம், மேலே எத்தனை பேர் என்றுகூட நம்மவர்களுக்குச் சரியாகத் தெரியாது. ராக்கெட் லாஞ்சரால் அவரே அடித்ததில் எதிரிகள் இருவர் விழுந்தார்கள். அவருக்கு வயிற்றில் குண்டுச் சில்லு பாய்ந்தது. அதோடு இறங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இறங்கவில்லை. அப்புறம் தலையில் குண்டு.

ராமேஸ்வரத்தில் 1972 ஆகஸ்ட் 10-ல் பிறந்தவர், திருச்சியில் படித்தவர். 27 முடியவில்லை.

தூணில் தெரியாத ஒன்றையும் மகள் சொல்லட்டும். அவரை உடனே கீழே கொண்டுவர முடியவில்லை. அந்தச் சரிவு முழுக்க எதிரியின் துப்பாக்கிக்கு நேரே கிடந்தது. ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே கிடந்தார். ஜூலை முதல் வாரத்தில் ஜுபார் நம் கைக்கு வந்தது. வீட்டுக்குச் செய்தி முன்பே போய்விட்டது, ஆள் வரவில்லை. அந்த ஒரு மாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் என்னவோ செய்யும்.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். அதே தாக்குதல், அதே நாள், அவருக்கும் வீர் சக்ரா. திருச்சியில் யாருக்கும் தெரியாது.

பாலக்கரை 86:
அப்போது எனக்குப் பதிமூன்று வயது. மேஜர் என்றால் நாற்பது வயது மீசைக்காரர் என்று நினைத்திருந்தேன். பேப்பரில் போட்டோ பார்த்தால் எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடும் அண்ணன் மாதிரி இருந்தார். அந்த வயதில் எப்படி மேஜர், ஐயா?

சிக்னல்ஸ் ஹவில்தார் (ஓய்வு):
கம்பெனியை நடத்தும் இளம் அதிகாரிக்கு அந்தக் காலத்தில் பொறுப்பு மேஜர் பதவி தருவார்கள். பிகார் ரெஜிமென்டில் பீகாரிகளும் சோட்டா நாக்பூர் ஆதிவாசிகளும்தான் அதிகம். தமிழ்ப் பையன் அவர்களிடம் இந்தியில் பேசித்தான் வேலை வாங்கியிருக்க வேண்டும். என் இந்தியை வைத்துச் சொல்கிறேன், அது லேசுப்பட்ட காரியமில்லை.

பதக்கம் பற்றிக் கேட்டால்: போரில் காட்டும் வீரத்துக்கு உயர்ந்தது பரம் வீர் சக்ரா, அடுத்து மகா வீர், மூன்றாவது வீர் சக்ரா. வெள்ளி, ரிப்பன் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு.

உறையூர்க்காரன்:
நன்றி ஐயா. “சோறு வேகாத ஊருக்கு ஒரு திருச்சிக்காரர் போனார்” என்றுதான் ஆரம்பிக்கப் போகிறாளாம், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே சிக்கல், மூன்றே முக்கால் நிமிடம் வருகிறது. எதை வெட்டுவது?

சிக்னல்ஸ் ஹவில்தார் (ஓய்வு):
ரிப்பன் நிறத்தை வெட்டுங்கள், என் இந்தியையும் வெட்டுங்கள். கணேஷ் யாதவ் இருக்கட்டும். குக்கரும் இருக்கட்டும்.