கலைச்சொல் உதவி: 'ஜெனரிக் டெர்ம்' - பொதுப்பெயரா, பொதுச்சொல்லா?

பாளையங்கோட்டை:
அன்பர்களே, பி.காம். மாணவர்களுக்கு வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டப் பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். 'ஜெனரிக் டெர்ம்' வந்த இடத்தில் நிற்கிறது. ஒரு தொழிலில் எல்லாரும் புழங்குகிற சொல்லை ஒரு கம்பெனி தனக்கே என்று பதியக் கேட்டால், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மறுக்கிறது. பத்தமடையில் ஒருவர் 'கோரைப்பாய்' என்பதைத் தன் கடைக்குப் பதிந்துகொண்டால், அடுத்த வீட்டுத் தறிக்காரர் தன் பாயை என்ன சொல்லி விற்பார்? 'பொதுப்பெயர்' போடலாமா?

தென்காசி:
வேண்டாம் தம்பி. பொதுப்பெயர் என்றதும் பிள்ளைகளுக்கு உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர், 'சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது'தான் நினைவுக்கு வரும். தொல்காப்பியர் விரவுப்பெயர் என்றதை நன்னூலார் அப்படிச் சொன்னார். நம்மிடம் 'குழூஉக்குறி' இருக்கிறதே! பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் தொழில்சார்ந்த சொற்கள்தானே.

அம்பாசமுத்திரம்:
அண்ணாச்சி, குழூஉக்குறி வெளியாளுக்குப் புரியக்கூடாது என்று வைத்துக்கொண்டது. கோரைப்பாய் ஊரறிந்த சொல். நன்னூலில் வேறொரு இடத்தைப் பாருங்கள்: இடுகுறி, காரணம், ஒவ்வொன்றிலும் பொது, சிறப்பு. மரம் இடுகுறிப் பொது, பனை இடுகுறிச் சிறப்பு. சட்டமும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது. 'கோடாக்' போலப் பொருளில்லாமல் புனைந்த இடுகுறிக்கு உரிமை எளிதில் கிடைக்கும். சரக்கின் தன்மையைச் சொல்லும் காரணப்பெயர், அந்தக் கம்பெனியைத்தான் குறிக்கிறது என்று மக்களிடம் நிலைபெற்றிருக்க வேண்டும். பொதுப்பெயரை எவருக்கும் கொடுப்பதில்லை. இவ்வளவு பொருத்தமான சொல்லை ஏன் விட வேண்டும்?

சங்கரன்கோவில்:
'வழக்குப்பெயர்'?

பாளையங்கோட்டை:
சட்டப் பாடத்தில் வழக்கு என்றால் கோர்ட் வழக்கு என்றுதான் படிப்பார்கள். 'தொழிற்பெயர்' போட்டால் நடத்தல், படித்தல் என்று எழுதி வைப்பார்கள்.

வள்ளியூர்:
'ஜெனரிக்' என்றே விடுங்களேன். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கேட்கிற சொல். பிள்ளைகளுக்கு விஷயம் புரியட்டும்: 'ஆப் ஸ்டோர்' தன் பெயர் என்று ஆப்பிள் 2011இல் அமேசான்மேல் வழக்குப் போட்டு, 2013இல் கைவிட்டது. 'எஸ்கலேட்டர்' நேர்மாறு, ஓட்டிஸ் கம்பெனியின் குறியாக இருந்து பொதுவாகிப்போனது, 1950இல் அமெரிக்காவில் பதிவையே இழந்தது.

தென்காசி:
மருந்துக்கடையில் ஜெனரிக் என்றால் விலை குறைந்த மாத்திரை என்றல்லவா நினைக்கிறார்கள்? அந்த நினைப்போடு வகுப்புக்கு வந்தால் பாடம் திசைமாறும். குழூஉக்குறியை விட்டுவிடுகிறேன். 'பொதுச்சொல்' என்று வையுங்கள். இலக்கணத்தோடு மோதாது.

அம்பாசமுத்திரம்:
கடையும் சரக்கும் தாங்குவது பெயரைத்தானே, அண்ணாச்சி? சொல் என்றால் வினை, இடை, உரி எல்லாம் உள்ளே வந்துவிடும்.

தென்காசி:
வரட்டும், வரத்தான் வேண்டும். 'அசல்', 'தூய' என்பவற்றையும் தனக்கே என்று கேட்பவர்கள் உண்டே. கருப்பட்டி விற்கிற எல்லாரும் 'அசல்' என்று எழுதத்தான் செய்வார்கள். அதை ஒருவர் பூட்டி வைக்கக்கூடாது என்பதுதானே சட்டம்.

சங்கரன்கோவில்:
பொதுச்சொல், சரி.

வள்ளியூர்:
எனக்கும் சம்மதம். முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் 'ஜெனரிக்' சேருங்கள்.

பாளையங்கோட்டை:
பொதுச்சொல் என்றே அனுப்புகிறேன். எஸ்கலேட்டர் வகைக்குப் 'பொதுவாகிய குறி' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்:
அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை என்று பதிந்துகொள்ளுங்கள். இலக்கணத்தில் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காகச் சட்டத்துக்கு அந்தச் சொல்லை மறுத்தால், நாளைக்கு 'எழுவாய்', 'வேற்றுமை' எதையுமே வெளியே எடுக்க முடியாது. அடுத்த பதிப்பின்போது பொதுப்பெயரைத் திரும்பக் கொண்டுவருவேன்.