வேகம் 50ஐத் தாண்டினால் காரில் ரீங்காரம்: டயரா, வீல் பேரிங்கா, கியர்பாக்ஸா?

கேள்வி: விழுப்புரம் வாசி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது முன்சக்கர இயக்கமும் ஐந்து கியர்களும் கொண்ட பெட்ரோல் ஹேட்ச்பேக். ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த மழைக்காலத்துக்குப் பிறகு, வேகம் 50ஐத் தாண்டியதும் ‘ஊம்ம்’ என்ற சீரான ஒலி கேட்கத் தொடங்குகிறது. 80இல் பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. 100ஐ நெருங்கும்போது பாதத்தின் அடியிலேயே அதிர்வை உணர முடிகிறது. நகருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் கேட்பதில்லை. அதனால் மெக்கானிக்கை உட்கார வைத்துத் தெருவைச் சுற்றி வந்தால், ‘சத்தமே இல்லையே சார்’ என்று இறங்கிவிடுகிறார்.

ஒரு பட்டறையில் நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னார்கள். மற்றொன்றில் கியர்பாக்ஸை இறக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள்) பாதிக்கு மேல் இருக்கிறது. அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டும் செய்தும் ஒலி குறையவில்லை. மழையின்போது ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கி நின்ற நீரைக் கடந்து சென்றதுண்டு. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை. விரைவில் குடும்பத்துடன் திருநெல்வேலி வரை செல்ல வேண்டியிருக்கிறது. எதையும் கழற்றிச் செலவு வைப்பதற்கு முன், ஒலியின் இடத்தை நானே ஓரளவு கண்டறிய வழி இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: மலைக்கோட்டை

வணக்கம். இத்தகைய ஒலியில் முதலில் தீர்க்க வேண்டியது ஒன்றுதான்: அது எஞ்சினின் சுழற்சியோடு கூடிக் குறைகிறதா, சக்கரத்தின் சுழற்சியோடு கூடிக் குறைகிறதா? வாகன நெரிசல் இல்லாத நேரான சாலையில் 80 வேகத்தை எட்டியதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்து, வண்டியைத் தன் போக்கில் உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் ரீங்காரம் அப்படியே தொடர்ந்து, வண்டியின் வேகத்தோடு மட்டுமே தணிகிறது என்றால், எஞ்சின், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர் ஆகிய அனைத்தையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

கியர்பாக்ஸின் மீதான சந்தேகம் மட்டும் இந்தச் சோதனையால் முழுமையாக விலகாது. ஏனெனில் நியூட்ரலிலும் டிஃபரன்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) அதன் பேரிங்குகளும் (சுழலும் பாகத்தைத் தாங்கும் வளையங்கள்) சக்கரங்களோடு சேர்ந்து சுழன்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் அங்கே கோளாறு இருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் ஒலி மாறுவது வழக்கம். கியருக்குக் கியர் வேறுபடுவதும் உண்டு. இரண்டுமே இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

பேலன்ஸிங் செய்தும் பலனில்லாததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வகைக் காரின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றும். எடை சமமில்லாத சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை உலுக்குவதால், அது ஸ்டீயரிங்கில் நடுக்கமாகத்தான் தெரியும். காதுக்கு ரீங்காரமாக எட்டாது. வீல் பேரிங்கின் ஓடுபாதையில், அதாவது உள்ளிருக்கும் குண்டுகள் உருளும் தடத்தில், சிறு பள்ளம் விழுந்திருந்தாலோ, டயரின் பட்டன்கள் வரிசையாக ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை தட்டு விழுகிறது. அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று இணைந்துதான் ‘ஊம்ம்’ என்று கேட்கிறது. ஆகவே நீங்கள் பிரித்தறிய வேண்டியது பெரும்பாலும் டயரையும் பேரிங்கையும் மட்டுமே.

மறுமொழி: நொய்யல்

டயர் கடையில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பட்டனின் ஆழம் போதுமானதாக இருப்பது, ஒலி டயரிலிருந்து வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, சுற்றும் திசையில் ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பத்தின் பற்கள் போல் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், அந்த டயர் நிச்சயம் சத்தம் போடும். முன்சக்கர இயக்கம் கொண்ட கார்களில் டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டினால், பாரம் குறைந்த பின்சக்கரங்களில்தான் இது அதிகமாக உருவாகிறது. ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால் ஆங்காங்கே குழி குழியாகவும் தேயும்.

இதைப் பலரும் கவனிப்பதில்லை: அலைன்மென்ட் செய்வது இனிமேல் வரும் தேய்மானத்தைத்தான் சீராக்கும், ஏற்கெனவே வடிவம் கெட்டுவிட்ட ரப்பரை அது சரிசெய்யாது. எனவே ‘அலைன்மென்ட் செய்தும் சத்தம் போகவில்லை, ஆகவே டயர் இல்லை’ என்று முடிவு கட்டக் கூடாது. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் அதே பக்கத்திலேயே மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். ஒலி இடம் மாறினாலோ தன்மை மாறினாலோ டயர்தான். சாலையையும் கவனியுங்கள்: புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் அடங்கி, பாலத்தின் கான்கிரீட் தளத்தில் சட்டென்று வேறு சுருதிக்கு மாறும் ஒலி டயருக்கு உரியது. பேரிங்குக்குச் சாலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

விழுப்புரம் வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. கூறியபடியே செய்து பார்த்தேன். நியூட்ரலில் உருளும்போதும் ஒலி மாறவில்லை. ஆக்சிலரேட்டரை விட்டாலும் மிதித்தாலும் வேறுபாடு இல்லை. டயர்களை முன்பின்னாக மாற்றிய பிறகும் அதே ஒலி, அதே இடத்தில். கான்கிரீட் பாலத்திலும் தார்ச்சாலையிலும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. ஆனால் இடப்பக்கம் வளையும் நீண்ட வளைவுகளில் ஒலி தெளிவாக உயர்கிறது. வலப்பக்க வளைவில் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. குழப்பம் என்னவென்றால், அருகில் அமர்ந்திருந்த என் தம்பி, சத்தம் தன் பக்கத்திலிருந்து, அதாவது இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்கிறான். எந்தப் பக்கத்தை நம்புவது? பேரிங் என்றால் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டுமா?

மறுமொழி: வைகைக்கரைப் பட்டறை

தம்பியின் காதைவிட வளைவை நம்புங்கள். பேரிங்கின் அதிர்வு நக்கிள் (பேரிங் அமர்ந்திருக்கும் உலோகப் பிடி), சஸ்பென்ஷன், பாடி என்று உலோகத்தின் வழியே பரவி வருவதால், கேபினுக்குள் அமர்ந்து கேட்பவர் பக்கத்தைத் தவறாகக் கணிப்பது மிகவும் சாதாரணம். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. பாரம் ஏற ஏறப் பழுதான பேரிங் உரக்கப் பேசும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வலப்பக்கப் பேரிங்கின் மீதுதான் என் சந்தேகம். பாதத்தின் அடியில் அதிர்வு தெரிவதால் முன்சக்கரமாக இருக்கலாம், என்றாலும் தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் வலது முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் அமர்த்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை நுழைக்கக் கூடாது. நியூட்ரலில் வைத்து ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மறு கையின் விரல்களைச் சஸ்பென்ஷனின் காயில் ஸ்பிரிங்கின் மீது மெல்லப் பதியுங்கள். நல்ல பேரிங்கில் விரலுக்கு எதுவும் தட்டாது. பழுதானதில் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு ஸ்பிரிங்கில் தெளிவாக ஏறி வரும். அதே போல் இடப்பக்கத்தையும் தூக்கி ஒப்பிட்டால் ஐயம் தீரும். அங்கும் வேறுபாடு தெரியாவிட்டால் பின்சக்கரங்களையும், முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, இதே முறையில் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆனால் ஆட்டம் இல்லை என்பதற்காகப் பேரிங் நலமாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். ஒலி முதலில் வரும், ஆட்டம் மிகவும் பிந்தித்தான் வரும்.

சுரங்கப்பாதை நீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஓடிச் சூடான பேரிங் திடீரென்று நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த சீலின் (பேரிங்கின் ஓரத்தை மூடும் ரப்பர்) வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். கிரீஸ் கெட்டு, ஓடுபாதையில் துரு பிடித்து, சில மாதங்கள் கழித்துத்தான் சத்தம் வெளிவரும். மழை முடிந்த பிறகு இந்தப் பழுதோடு எங்களிடம் வரும் வண்டிகள் எப்போதும் கூடும். வேகமாகப் பள்ளத்தில் இறங்கினாலும் குண்டுகள் ஓடுபாதையில் பதிந்து இதே விளைவு ஏற்படும்.

மாற்றும் வேலையில் அருகில் நின்று பாருங்கள், ஏனென்றால் புதிய பேரிங் பொருத்தும்போதே கெட்டுப்போவது அரிதல்ல. உங்கள் வகைக் கார்களில் முன்பக்கப் பேரிங்கைப் பெரும்பாலும் நக்கிளில் ப்ரெஸ் செய்துதான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். நக்கிளில் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தின் மீதும், ஹப்பை (சக்கரம் பூட்டப்படும் நடுப்பாகம்) ஏற்றும்போது உள் வளையத்தின் மீதும் விழ வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகக் கடந்து, புதிய ஓடுபாதையிலேயே தழும்பை உண்டாக்கிவிடும். அப்படிப் பொருத்திய பேரிங் கொஞ்ச நாளிலேயே மீண்டும் பாடத் தொடங்கும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரை நோக்கி அமைய வேண்டும், திருப்பிப் போட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு அணையாது. ஆக்சில் நட்டைப் புதிதாக வாங்கிப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். அதை முறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி நகர்த்தினாலும் பேரிங் பாழாகும்.

இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இடப்பக்கம் கையால் சுற்றும்போது வழுவழுப்பாக இருந்தால் அப்படியே விடலாம்.

திருநெல்வேலிப் பயணத்தை இதை மாற்றாமல் மேற்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விழுப்புரத்திலிருந்து அங்கு செல்ல 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதுவும் பெரும்பகுதி நெடுஞ்சாலை வேகத்தில், முழுப் பாரத்துடன். காலடியில் அதிர்வு தெரியும் அளவுக்கு வந்துவிட்ட பேரிங் அந்த வெப்பத்தில் எவ்வளவு தாங்கும் என்பதை எந்த மெக்கானிக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிரீஸ் உருகி வெளியேறி, ஆட்டம் கண்டு, இறுகிப்போனால் சக்கரத்தின் கட்டுப்பாடே போய்விடும். வண்டியில் குழந்தைகள் இருப்பார்கள் என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். வேலை அரை நாளில் முடியக்கூடியதுதான். மாற்றிய பிறகு அதே இடப்பக்க வளைவில் அதே வேகத்தில் ஒரு முறை ஓட்டிக் கேட்டுவிட்டுப் பயணத்தைத் தொடங்குங்கள்.