ஃபீனிக்ஸ்ல 122 டிகிரி ரெக்கார்டு இன்னும் உடையலயே, அப்ப சூடு ஏறலையா?

புதுசா_வந்தவன்
வணக்கம் மக்களே, அரிசோனா வந்து மூணு மாசம்தான் ஆச்சு. இன்னைக்கு மதியம் கடை பார்க்கிங்ல வண்டிய எடுத்தா டேஷ்போர்டுல 124 ஃபாரன்ஹீட்னு காட்டுது, ஸ்டியரிங்க தொடவே முடியல, கர்சீப்ப சுத்திப் புடிச்சுதான் வீடு வந்து சேந்தேன். ஃபீனிக்ஸ் ரெக்கார்டே 122தான்னு சொல்றாங்க. அப்ப ரெக்கார்ட நான் உடைச்சிட்டேனா?

கணக்குப்புள்ள
இல்ல தம்பி. கார் சென்சார் முன்பக்க கிரில்லுக்குப் பின்னாடி தார் ரோட்ட ஒட்டி இருக்கு, வெயில்ல நின்ன வண்டி என்ன வேணா காட்டும். ஸ்கை ஹார்பர் ஏர்போர்ட்ல நேரடி வெயில் படாம, காத்தோட்டமா, ஆள் உயரத்துல ஒரு கருவி இருக்கு, அது சொல்றதுதான் கணக்கு. 122, அதாவது சரியா 50 செல்சியஸ், வந்தது 1990 ஜூன் 26. அப்புறம் 1995ல ஒரு தடவ 121. அவ்ளோதான். வருஷா வருஷம் "வரலாறு காணாத வெயில்"னு கத்துறாங்களே, முப்பது வருஷத்துக்கு மேல ஆயும் 122 அப்படியே நிக்குதே, இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க பாப்போம்.

பாலைவனத்தான்
கணக்கு அண்ணே, நீங்க மதியத்த மட்டும் பாக்குறீங்க, ராத்திரிய பாருங்க. 2023 ஜூலை 19 அன்னைக்கு ஃபீனிக்ஸ்ல ரொம்பக் குறைஞ்ச வெப்பமே 97 டிகிரி. செல்சியஸ்ல 36. விடிகாலைல, சூரியன் இல்லாம, அதான் அந்த நாளோட "குளிர்ச்சி". அந்த வருஷம் ஜூன் கடைசில ஆரம்பிச்சு 31 நாள் விடாம 110, அதுக்கு மேல. மொத்த வருஷத்துல 55 நாள் 110 தொட்டுச்சு, அதுவே பெரிய ரெக்கார்டுன்னு நெனச்சா அடுத்த வருஷம் 2024ல 70 நாள். உச்சம் ஒரு நாள் கூத்து அண்ணே, மனுஷன சாவடிக்கிறது விடாம அடிக்கிறதுதான். ஃபீனிக்ஸ் இருக்குற மேரிகோப்பா கவுண்டில மட்டும் 2023ல வெயிலால செத்தவங்க 645 பேர்.

ஹூஸ்டன்_சித்தப்பு
அங்க வறட்டு வெயில்தானப்பா, நெழலுக்கு வந்தா போதும். இங்க ஹூஸ்டன் வந்து பாரு, 95லயே சட்டைய புழியலாம் 😄

மீனாட்சி_மேசா
சித்தப்பு, வறட்டு வெயில்னு சொல்லாதீங்க, எனக்கு கோவம் வரும். வேர்வை உடனே காஞ்சுடும், வேர்க்குறதே தெரியாது, தண்ணி போறதும் தெரியாது, அதான் இங்க ஆபத்தே. ஜூலைல பச்சத் தண்ணிக் குழாய தெறந்தா வெந்நீர்தான் வரும், புள்ளைக்கு பல்லு தேய்க்க ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஊத்துறேன். தார் ரோட்டுல மயங்கி விழுந்தவங்க தீக்காயத்தோட ஆஸ்பத்திரி போறது இந்த ஊர்ல வருஷா வருஷம் நடக்குற விஷயம்.

கணக்குப்புள்ள
மீனாட்சி, கஷ்டம் இல்லன்னு யாரு சொன்னா? நான் கேட்டது வேற. ராத்திரி சூடு ஏறுனது வானத்தாலயா, சிமெண்ட்டாலயா? இந்த ஊரோட குறைஞ்சபட்ச ரெக்கார்டு 1913 ஜனவரி 7, 16 டிகிரி, மைனஸ் 8.9 செல்சியஸ். அதே குளிர்லதான் கலிஃபோர்னியால ஆரஞ்சுத் தோட்டமெல்லாம் கருகுச்சு. 1910 சென்சஸ்ல ஃபீனிக்ஸ்ல இருந்தவங்க 11 ஆயிரம் பேர், சுத்தி வயலும் வாய்க்காலும், ஏர்போர்ட்டே கிடையாது. இப்ப 16 லட்சம் பேர், கருவி நிக்கிறது ரன்வே பக்கத்துல. பகல்ல குடிச்ச சூட்ட கான்கிரீட் ராத்திரி பூரா கக்குது. அந்த 16 டிகிரி எப்படி திரும்பி வரும்? குடிசைல வச்ச தராசையும் கொல்லன் பட்டறைல வச்ச தராசையும் ஒண்ணா வச்சு ரெக்கார்டு பேசுறோம்.

பாலைவனத்தான்
இந்த பாயிண்ட்ல பாதிய ஒத்துக்குறேன். நான் ஃபீனிக்ஸ் பக்கத்து ஊரு சாண்ட்லர்ல தள்ளி இருக்கேன், பின்னாடி தோட்டத்துல ஒரு கறிவேப்பிலைக் கன்னு, பதினோரு வருஷமா புள்ள மாதிரி வளக்குறேன். ஜனவரில ஏர்போர்ட்ல 37ன்னு போடுவான், நம்பித் தூங்குனா காலைல நம்ம புல்லு மேல வெள்ளையா உறைபனி. ஒரு வருஷம் பழைய பெட்ஷீட்ட போத்த மறந்துட்டேன், எல பூரா கருப்பாகி தண்டு மட்டும் நின்னுச்சு, வீட்டம்மா ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. அதனால ஏர்போர்ட் நம்பர் ஊரு நம்பர் இல்ல, சரி.

ஆனா மீதி பாதிக்கு பதில் சொல்லுங்க. 1990லயே அங்க ரன்வேயும் சிமெண்ட்டும் இருந்துச்சே? சிமெண்ட்டு ராத்திரிய ஏத்தும், மதியத்த அவ்வளவா ஏத்தாது. 2023 ஜூலை முழு மாச சராசரி 102.7, அமெரிக்கால எந்தப் பெரிய நகரமும் மாசக் கணக்குல நூற தாண்டுனது அதுதான் மொத தடவ. அந்த மாசம் பூரா மேல உயர் காத்தழுத்தம் உக்காந்துக்கிட்டு நகரல, பருவமழையும் ஏமாத்திருச்சு, சீசன் மொத்தத்துக்கும் ஏர்போர்ட்ல விழுந்தது 0.15 இன்ச். இதெல்லாம் சிமெண்ட்டு பண்ற வேலையா?

கணக்குப்புள்ள
மழை ஏமாத்துறது இந்தப் பாலைவனத்துக்கு புதுசா? ஒரு மோசமான வருஷத்த காட்டி...

மீனாட்சி_மேசா
ஒரு வருஷமா? 2024ல மே கடைசிலேர்ந்து செப்டம்பர் பாதி வரைக்கும் 113 நாள், ஒரு நாள் விடாம நூறுக்கு மேல. செப்டம்பர் 28 அன்னைக்கு 117 அண்ணே, செப்டம்பர்ல! செப்டம்பர் கடைசிலேர்ந்து அக்டோபர் பாதி வரைக்கும் தெனம் அந்தந்த தேதிக்கு ரெக்கார்டு, மூணு வாரம். உங்க 122 உடையல, சரி, அத சுத்தி இருந்த ரெக்கார்டெல்லாம் உடைஞ்சு கெடக்கு.

கணக்குப்புள்ள
...சரி. 113 நாள் கணக்குக்கு எங்கிட்ட இப்ப பதில் இல்ல. தேடிட்டு வரேன், ஆனா சிமெண்ட்ட விட மாட்டேன்.

ஹூஸ்டன்_சித்தப்பு
அண்ணன் தோத்துட்டாரு, எல்லாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க

கணக்குப்புள்ள
சித்தப்பு, நீ சட்டைய புழி.
தம்பி, உனக்கு ஒரு சுவாரசியம் சொல்றேன், 1990ல அந்த 122 வந்த அன்னைக்கு ஏர்போர்ட்ல விமானத்தையே கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சாங்க. எவ்வளவு சூட்டுல எவ்வளவு எடையோட கெளம்பலாம்னு பைலட் பாக்குற அட்டவணை 120 வரைக்கும்தான் இருந்துச்சு, 122க்கு கட்டமே போடல. 2017லயும் 118க்கு மேல போகவும் சின்ன ஜெட்டெல்லாம் கேன்சல் ஆச்சு. சூடான காத்து அடர்த்தி கம்மி, றெக்கைக்கு தூக்கு கிடைக்காது.

புதுசா_வந்தவன்
சூப்பர்ணே. எல்லாம் இருக்கட்டும், போன வாரம்தான் ஒரு முருங்கக் குச்சி நட்டேன். அதுக்கும் ஜனவரில பெட்ஷீட்டு வேணுமா?

பாலைவனத்தான்
ரெண்டு எடுத்து வை தம்பி.