ஒரு வேனும் ஒரு தயிர்ச் சட்டியும்: பதுளை வீதி அனுபவங்கள்

கல்லடியான் எழுதுவது:

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு ஏற்றம் என்றால் கல்லடிப் பாலம்தான். அதைவிட உயரம் வேண்டுமென்றால் தென்னை மரத்தில்தான் ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒன்பது பேர் ஒரு வேனில் மலைநாட்டுப் பதுளைக்குப் போய் வந்தோம். மலை ஏறிய கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சொல்ல இருப்பது இறங்கிய கதை.

ஆகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்றில் வீடு அடுப்பாகக் கிடந்தது. "எங்கேயாவது குளிரான இடத்துக்குப் போவோம்" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் மச்சான் வேன் திறப்பை எடுத்துவிட்டார். முப்பது வருடமாக வாகனம் ஓட்டுகிறவர் என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அம்மம்மா இரவிரவாகப் புட்டு அவித்து, மீன் பொரித்து, வாழையிலையில் கட்டினார். பதுளையில் இருக்கும் மனைவியின் சிநேகிதிக்குக் கொடுக்க ஒரு சட்டி எருமைத் தயிரும் வாங்கினோம். சட்டியை யாரிடமும் நம்பிக் கொடுக்க அம்மம்மாவுக்கு மனம் வரவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

விடியற்காலை செங்கலடிக்கு வந்து கறுப்புப் பாலத்தைக் கடந்தோம். கரடியனாறு, புல்லுமலை என்று காட்டு வழி. மகாஓயாவில் வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க இறங்கினோம். ஒன்றில் மிதமான சூடு, பக்கத்துக் கிணற்றில் விரலே வைக்க முடியவில்லை. அம்மம்மா ஒரு வாளியில் காலை வைத்துவிட்டுச் சடாரென்று எடுத்தார். "இதில் முட்டை அவிக்கலாமே மகன்" என்றார். பிபிலையில் தோடம்பழம் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் வீதி மேலே பார்க்கத் தொடங்கியது.

முதல் பத்து வளைவுக்குள் மகள் இரண்டு தடவை சத்தி எடுத்தாள். தேசிக்காயை நகத்தால் கீறி மூக்கருகில் பிடித்ததில் கொஞ்சம் தெளிந்தாள். காது அடைத்தது. அம்மம்மா கண்ணை மூடி மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கை மட்டும் சட்டியைச் சுற்றி இறுகியபடியே இருந்தது. வளைவு இடப்பக்கம் திரும்பினால் சட்டி வலப்பக்கம் சாயும், அவரும் கூடவே சாய்வார். லுணுகலை, பசறை எல்லாம் தாண்டி ஒரு துளி சிந்தாமல் பதுளைக்கு வந்த தயிரை, சிநேகிதி வீட்டு வாசற்படியில் என் மகன் வாங்கிப் போட்டு உடைத்தான்.

பதுளையில் இரண்டு நாள். துன்ஹிந்த அருவிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் புகையாய் முகத்தில் அடித்தது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலத்தில் ஒரு ரயிலைப் பார்க்க இரண்டு மணி நேரம் நின்றோம். ரயில் வரவில்லை, மழை வந்தது.

மூன்றாம் நாள் திரும்பினோம். பசறையில் தேநீர் குடிக்கும்போதே கடைக்காரர் சொன்னார், 2021 மார்ச்சில் 13ஆம் மைல் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததைப் பற்றி. மச்சான் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடலோரத்தில் ஓட்டுகிற மாதிரியே ஓட்டினார். உயர்ந்த கியர், வளைவுக்கு வளைவு பிரேக். ஊரில் அது போதும், குறுக்கே வரும் மாட்டுக்குத்தானே நாங்கள் பிரேக் பிடிக்கிறோம்.

லுணுகலைக்கு முன்னால் ஒரு இறக்கத்தில் கருகிய நாற்றம். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போது மச்சான், "பிரேக் போகிறது" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவருடைய கால் பஞ்சை மிதிப்பது போல அடிவரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை. இரண்டாம் கியர் போட்டார், வேன் அலறியது. பிறகு முதலாம் கியர். நான் கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். அதைக் கம்பி இழுக்கிறது, எண்ணெய் தேவையில்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் கைக்கு எட்டியதைப் பிடித்தேன், அவ்வளவுதான். கடைசியில் இடது சக்கரங்களை மலைப்பக்கத்து வடிகானுக்குள் இறக்கினார். மண்ணில் உரசி நின்றது.

யாரும் பேசவில்லை. அம்மம்மாவின் கைகள் மட்டும் இல்லாத சட்டியை இன்னும் அணைத்துக்கொண்டிருந்தன.

மாமா தண்ணீர்ப் போத்தலோடு ஓடிப் புகைகிற சக்கரத்தில் ஊற்றப் போனார். பின்னால் வந்த ஆட்டோக்காரத் தம்பி பாய்ந்து தடுத்தார். "ஊற்றாதீர்கள் ஐயா, சூட்டில் இரும்பு வெடித்துவிடும். தானாக ஆறட்டும்." மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இறங்கி வந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டார்கள். ஒரு அம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கேத்தலில் வெறும் தேநீரும் சீனியும் கொண்டுவந்தார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு தேநீர் குடிப்பதை அன்றைக்குத்தான் கற்றோம்.

முக்கால் மணி நேரத்தில் பிரேக் திரும்பி வந்தது. அந்தத் தம்பி முன்னே போக, நாங்கள் முதலாம் கியரில் ஊர்ந்து லுணுகலைக் கராஜுக்குப் போனோம். வடித்தெடுத்த பிரேக் எண்ணெய் கோப்பி நிறம். பழைய எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூடேறியதும் அந்த ஈரம் கொதித்து ஆவிக் குமிழாகிவிடும், பிறகு மிதித்தால் குமிழ்தான் நசுங்கும், சக்கரத்தைப் பிடிக்காது என்று மேசன் வேலைக்காரரின் பொறுமையோடு ஒரு முதியவர் விளக்கினார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டுமாம். புறப்படுவதற்கு முதல் வாரம்தான் ஊரில் ஒரு இடத்தில் வேனை முழுதாகப் பார்த்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியிருந்தார்கள். கழுவி மினுக்கியிருந்தார்கள், அது உண்மை.

அக்கரைப்பற்று வாசகி:

எங்களுக்கு நேர்ந்தது மலையில் இல்லை, மலை முடிந்து வீட்டை நெருங்கும்போது. எல்ல என்ற மலை ஊரிலிருந்து வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாக வந்தோம். பிள்ளைகள் யானை பார்க்க வேண்டும் என்று அழுததால் காக்கா (என் அண்ணன்) லகுகல, பொத்துவில் பக்கமாக வண்டியை விட்டார். பார்த்தார்கள்.

பொழுது சாயும் மஃரிப் நேரம். வளைவு கழிந்ததும் வீதியின் நடுவே ஒற்றை ஆண் யானை, முப்பது மீட்டருக்குள். காக்காவின் கை ஹோர்னுக்குப் போனது. பின் ஆசனத்திலிருந்த மூத்தம்மா அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். எதிரே வந்த பஸ் சாரதி தூரத்திலேயே நிறுத்தி, விளக்கின் ஒளியைத் தாழ்த்தினார். நாங்களும் தாழ்த்திவிட்டு, இயந்திரத்தை அணைக்காமல் மெதுவாகப் பின்வாங்கினோம். யானை அவசரப்படவில்லை. வீதியோரப் புல்லைப் பிடுங்கி, முன்காலில் தட்டி மண்ணை உதிர்த்து, சாப்பிட்டது. அந்தத் தட்டும் சத்தம் வண்டிக்குள் கேட்டது. இருபது நிமிடம். சின்னவன் அதுவரை மூச்சு விட்டானா என்று எனக்குச் சந்தேகம். அது குளத்துப் பக்கம் இறங்கிய பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி, "இன்னொன்று வருமா?"

லுணுகலைக்காரன்:

நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து இப்போது மட்டக்களப்பில் படிப்பிக்கிறேன். கல்லடியான் அண்ணன் கோபிக்கக் கூடாது. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவனுக்கும் தெரியும். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குகிறவன்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும், அதையும் கடலோரச் சாரதிகள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் சிரிக்கும் உரிமை எங்களுக்கும் முழுதாக இல்லை. போர்க் காலத்தில் மகாஓயாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வீதி திறந்து சில வருடங்கள் கழித்து அப்பாவைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிவந்தேன். நாற்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் போனாலும் ஆழம் வராததைக் கண்டு திகைத்து நின்றுவிட்டார். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "உண்மையாகவே உப்புத்தான்" என்றார். இரவு தூக்கம் வரவில்லை என்று எழுந்து உட்கார்ந்திருந்தார். நான்கு பக்கமும் திறந்து கிடக்கிறது, எந்தப் பக்கம் முதுகைக் கொடுத்துப் படுப்பது என்று கேட்டார்.

கல்லடியான் மீண்டும்:

தம்பி சொன்னதை மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். வேனின் குற்றம் என்கிறார் இன்னும். அடுத்த ஏப்ரலில் ஹப்புத்தளை என்று முடிவாகியிருக்கிறது, பிரேக் எண்ணெயை நானே பக்கத்தில் நின்று மாற்றுவித்துவிட்டேன். அம்மம்மா இந்த முறை தயிரைப் பிளாஸ்டிக் வாளியில் வாங்கச் சொல்லியிருக்கிறார். மூடி இறுக்கமாக இருக்க வேண்டுமாம், மகனிடம் கொடுக்கவே கூடாதாம்.