மறு: ‘டிம்’, ‘பிரைட்’டுக்குத் தமிழில் என்ன? (கற்றையோடு இன்னொரு மல்லுக்கட்டு)

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கார் பழுதுபார்க்கும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். பிரேக், கிளட்ச், கியர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று போன மாதமே கைகுலுக்கிவிட்டோம். முகப்பு விளக்கின் ‘பிரைட்’ (ஹை பீம்), ‘டிம்’ (லோ பீம்) என்ற இரண்டு நிலைகளுக்குப் பெயர் வைப்பதில்தான் வண்டி நிற்கிறது. பீம் என்பதைக் ‘கற்றை’ என்று வைத்துக்கொண்டோம்; அதற்கு முன்னே எந்தச் சொல் வருவது என்பதுதான் கேள்வி. வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> உயர்கற்றை, தாழ்கற்றை என்று வைத்துவிட்டுப் போகலாமே. யாருக்குப் புரியாது?

எனக்கே முதலில் தவறாகத்தான் புரிந்தது. உயர் நீதிமன்றம், உயர் கல்வி, உயர் அழுத்தம் என்று பழகிய காதுக்கு ‘உயர்கற்றை’ என்றால் ஆற்றல் மிகுந்த விளக்கு என்று படும். உண்மை அதுவன்று. நம் சாலைகளில் பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் எச்-4 பல்பை எடுத்துப் பாருங்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். ஐந்து வாட்டில் என்ன பெரிய உயர்வு? வேறுபாடெல்லாம் இழை இருக்கும் இடத்தில் இருக்கிறது. 55 வாட் இழைக்கு அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. வெளிச்சம் பிரதிபலிப்பானின் கீழ்ப்பாதியில் விழாமல் அது தடுத்துவிடும். மேல்பாதியில் பட்டது மட்டும் சாலையை நோக்கிச் சாய்ந்து இறங்கும். எதிரே வருபவரின் கண் தப்புவது அந்தக் கிண்ணத்தின் புண்ணியம். மற்ற இழைக்கு மறைப்பே இல்லை. வெளிச்சம் நேரே நீண்டு போகும்.

ஆகவே பெயர் வேலையைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ஜெர்மானியர் ஒன்றைத் ‘தொலைவொளி’ என்றும் மற்றதைக் ‘கூச்சம் தணிக்கும் ஒளி’ என்றும் பொருள்படத்தான் அழைக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அவை ‘வழி விளக்கு’, ‘எதிர்ப்படும்போது போடும் விளக்கு’. உயரம், தாழ்வு என்ற பேச்சே அங்கே இல்லை.

> குறில், நெடில் போல நெடுங்கற்றை, குறுங்கற்றை எனலாமா?

முதல் பாதியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நெடுஞ்சாலையில் போடுவது நெடுங்கற்றை; பள்ளிப் பிள்ளைக்குக்கூட விளக்கம் தேவையில்லை. இரண்டாம் பாதிதான் இடிக்கிறது. குறு என்றதும் குறுகியது, ஒடுங்கியது என்று மனம் போகும். அந்த வெளிச்சமோ பக்கவாட்டில் நன்றாக விரிந்து, ஓரத்தில் சைக்கிளில் போகிறவரையும் காட்டுவது. அதோடு ஓட்டுநருக்கு வேண்டியது வினைச்சொல். லாரிக்காரர் ‘டிம் அடி’ என்கிறாரே, அதற்கு ஈடாக ‘குறுக்கு’ என்று சொன்னால் அவர் காரைச் சாலையின் குறுக்கே நிறுத்திவிடுவார். ‘தாழ்த்து’ என்றால் கை தானாக விளக்கை மாற்றும் கைப்பிடிக்குப் போகும். நெடுங்கற்றை, தாழ்கற்றை என்பதே என் முடிவு. இணை பொருந்தவில்லை என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. மேடும் பள்ளமும் மட்டும் ஒரே வேரில் முளைத்தவையா?

இனிமேல்தான் உண்மையான சிக்கல். கையேட்டில் ஒரு அத்தியாயம் முழுவதும், விளக்கு ஒரு நிலையில் எரிந்து மற்ற நிலையில் எரியாமல் போவதைப் பற்றியது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஒற்றைக் கற்றைப் பழுது’ என்று முதலில் எழுதினேன். பிறகு என் சொந்த அனுபவத்தை நினைத்து அடித்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திண்டிவனம் தாண்டியதும் தாழ்கற்றை இரண்டு பக்கமும் ஒன்றாகப் போய்விட்டது. நெடுங்கற்றை நன்றாக எரிகிறது. எதிரே வந்த பேருந்துகள் எல்லாம் விளக்கை மினுக்கி என்னைத் திட்டிக்கொண்டே போயின. மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். அவர் பேசாமல் இரண்டு பல்பையும் மாற்றினார், காசு வாங்கினார், சுவிட்சைப் போட்டார். பழைய இருட்டேதான். இரண்டு பல்புகளிலும் ஒரே இழை ஒரே நொடியில் அறுவது நடக்காத காரியம் என்று அவருக்கும் தோன்றவில்லை, பணம் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. கடைசியில் குற்றவாளி, ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் கைப்பிடிச் சுவிட்ச். 55 வாட் விளக்கு இரண்டென்றால் 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம். பெரிய மின்னோட்டத்தைத் தான் சுமந்து கைப்பிடிச் சுவிட்சைக் காப்பாற்றும் துணைச் சுவிட்சான ரிலே என் காரில் கிடையாது. அத்தனையும் அந்தச் சின்னத் தொடுமுனை வழியாகவே போக வேண்டும். பத்து ஆண்டுகளில் அது கருகித் தீய்ந்துவிட்டது. நாம் எப்போதும் போட்டு ஓட்டுவது தாழ்கற்றைதானே, அந்தப் பக்கம் முதலில் தேய்ந்ததில் வியப்பில்லை.

ஆகவே பழுது ஒன்றன்று, இரண்டு. பெயரும் இரண்டாகத்தான் இருக்க வேண்டும்:

ஒருபக்கக் கற்றையிழப்பு: இடமோ வலமோ ஒன்றில் மட்டும் போனது. பல்பை, அதன் மூன்று முனைச் செருகியை, அந்தப் பக்கத்துக்குத் தனி உருகி (ஃபியூஸ்) இருந்தால் அதையும் பார். இடப் பல்பை வலத்தில் மாற்றிப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழுது பல்போடு இடம் மாறினால் பல்பு, மாறாவிட்டால் கம்பி. கண்ணாடியை விரலால் தொடாதே, விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி ஆயுள் குறையும்.

இருபக்கக் கற்றையிழப்பு: இரண்டும் சேர்ந்து போனது. பல்பைத் தொடாதே. பொதுவாக இருப்பதைப் பார்: சுவிட்ச், ரிலே, பொது உருகி.

பெயரைப் படித்ததும் எந்த மூடியை முதலில் திறப்பது என்று தெரிந்துவிட வேண்டும். கலைச்சொல்லிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்.

*

தம்பி,

நான் முப்பது ஆண்டு ஆட்டோ எலக்ட்ரீசியன். கணினியில் பேரன்தான் தட்டச்சு செய்கிறான். உங்கள் பிரிவினை சரி. ஒரு திருத்தம். இருபக்கம் போனால் பல்பைத் தொடவே கூடாது என்று ஆணையிடாதீர்கள். ஒரு பக்கம் என்றோ அறுந்திருக்கும், ஓட்டுநர் கவனித்திருக்க மாட்டார். மறுபக்கமும் அறுந்த அன்றுதான் கடைக்கு வருவார். இப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். செருகியைக் கழற்றி, தாழ்கற்றை முனையில் டெஸ்ட் லாம்பை, அதாவது மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கை, வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் வந்தால் பல்பு, வராவிட்டால் பின்னால் போ. சில ஜப்பானிய வண்டிகளில் மட்டும் இரண்டு இழைக்கும் பொதுவான முனையில் எப்போதும் மின்சாரம் இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கம், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பக்கம், இருக்கும். அங்கே இந்தச் சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது வகையை விட்டுவிட்டீர்களே. எர்த் கழன்றால் இரண்டு இழையும் சேர்ந்து மங்கலாக, மஞ்சளாக எரியும். மின்சாரம் திரும்பிப் போக வழி தெரியாமல் அடுத்த இழைக்குள் புகுந்து ஓடும். டாஷ்போர்டில் நெடுங்கற்றையைக் காட்டும் நீல விளக்கு பொருத்தமில்லாமல் லேசாக மினுங்கினாலே நான் எர்த்தைத்தான் பார்ப்பேன். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

*

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு. சுவிட்சுக்கு எங்கள் பாடநூல்களில் ‘ஆளி’, பல்புக்கு ‘மின்குமிழ்’. உங்கள் கைப்பிடிச் சுவிட்சைக் ‘கற்றையாளி’ என்றால் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

*

அன்பின் ஐயா,

ஆணையை எடுத்துவிட்டேன், ‘முதலில் டெஸ்ட் லாம்ப்’ என்று மாற்றியாயிற்று. ஜப்பானிய வண்டிக் குறிப்பு தனிக் கட்டத்தில் போகிறது.

கற்றையாளி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பழைய அம்பாசடரில் கிளட்ச்சுக்குப் பக்கத்தில் தரையில், டிம், பிரைட் மாற்ற இடக்காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்ச் இருக்குமே, அதற்கும் இந்தப் பெயர் பொருந்தும். கையா காலா என்று கேட்காத சொல். தமிழ்நாட்டு வாசகருக்காக முதல் இடத்தில் மட்டும் ‘கற்றையாளி எனும் டிப்பர் சுவிட்ச்’ என்று எழுதுகிறேன்.

மூன்றாவது வகைக்குக் ‘கற்றைக்கலப்பு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஆனால் எர்த்? பாடநூலில் புவியிணைப்பு. நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் காருக்குப் புவியோடு என்ன இணைப்பு? மின்சாரம் திரும்புவது வண்டியின் இரும்பு உடல் வழியாகத்தான். உடலிணைப்பு என்று எழுதிப் பார்த்தேன். தட்டச்சில் பார்த்த என் மனைவி சிரித்துவிட்டார். வேறு யோசனை இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதுவரை எர்த் எர்த்தாகவே இருக்கும்.